சயரோக வாட்டில் ஒரு சித்திரக் கொப்பி

இருமல் தொடங்கியபோது நான் சீமெந்துத் தூளைத்தான் குற்றம் சொன்னேன். போர் ஓய்ந்து பாதை திறந்து, இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து, இடிந்து கிடந்த எங்கள் வீட்டை ஒவ்வொரு அறையாகத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. என் கணவர் றஸாக் பகலில் புடவைக்கடையில் நிற்பார், பின்னேரம் வந்து சுவர் பூசுவார். நான் சீமெந்து குழைத்துக் கொடுப்பேன், தண்ணீர் அள்ளுவேன், சமைப்பேன். இருமுவதற்கு நேரமில்லை. ஆனாலும் இருமினேன். பின்னேரமானால் மெல்லிய காய்ச்சல் வரும், விடிய உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும். சட்டைகள் தொளதொளத்துப் போயின. வேலை செய்து மெலிந்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஒருநாள் முகம் கழுவும்போது இருமல் வந்து துப்பினேன். வெள்ளைத் தண்ணீரில் சிவப்பு நூல் மாதிரி ஒன்று ஓடியது. நான் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனேன். அன்று மாலையும் வந்தது. அதற்குப் பிறகுதான் கணவரிடம் சொன்னேன். அவர் கையில் சாந்தகப்பை இருந்தது. அதை அப்படியே சுவரில் குத்தி வைத்துவிட்டு, "நாளைக்கு வவுனியாவுக்குப் போறம்" என்றார்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, நடந்து, திரும்ப ஏறி, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது என்னால் நிற்க முடியவில்லை. வெளிநோயாளர் பகுதியின் வாங்குப் பலகையில் கணவரின் தோளில் சாய்ந்து கிடந்தேன். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்னங்கையில் ஒரு சொட்டு மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றி, அந்த இடம் எவ்வளவு தடிக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கழித்து அளந்தார்கள். விடிய எழும்பியவுடன் ஒன்றும் சாப்பிடாமல் சளியைக் காறிச் சிறு போத்தலில் தரச் சொன்னார்கள், அதுவும் ஒரு தரமல்ல. கிருமி இருக்கிறதா என்று அதை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்களாம். டொக்டர் அம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, வலப்பக்க நெஞ்சின் மேற்புறத்தில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்த இடத்தைக் காட்டினார்.

"சயரோகம். காசநோய் எண்டும் சொல்லுவினம். பயப்பிடாதேங்கோ, இது மாறுற வருத்தம். ஆனா ஆறு மாசத்துக்குக் குளிசை போடவேணும். சளியில கிருமி இல்லாமப் போகுமட்டும் வாட்டில இருக்கவேணும்."

"பிள்ளைக்குத் தொத்துமோ டொக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"பிள்ளையையும் உங்களையும் சோதிப்பம். ஆனா பிள்ளையை இப்ப வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்."

நோயின் பெயரைக் கேட்டபோது நான் அழவில்லை. பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்றபோதுதான் அழுதேன். ஸஹ்றாவுக்கு அப்போது ஒன்பது வயது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். முந்தின வாரம்வரை அப்படித்தான் தூங்கினாள்.

எங்கள் வாட் ஒதுக்குப்புறமாக இருந்தது. யன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும், காற்றோட்டம் கிருமியைக் குறைக்கும் என்றார்கள். மழைக்காலம் தொடங்கியபோது சாரல் கட்டில்வரை வந்தது. காலையில் வெறும் வயிற்றில் நான்கு வகைக் குளிசைகள். தாதி மிஸ்ஸி தண்ணீரோடு வந்து, நாங்கள் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். இடையில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகி, பிறகு எந்தக் குளிசைக்கும் அடங்காது என்பதால்தான் அந்தக் காவல். முதல்நாள் சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போனது. இரத்தம் என்று நினைத்துக் கக்கூசுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். "அது மருந்தின்ர நிறம். ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று மிஸ்ஸி கையைப் பிடித்துத் தூக்கினார்.

குளிசை விழுங்கி, இரண்டு துண்டுப் பாணும் பருப்பும் சாப்பிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பிறகு பகல் முழுவதும் அப்படியே கிடக்கும். வீட்டில் நின்று இளைப்பாற நேரமில்லாத நான் இங்கே படுத்திருந்து களைத்தேன். அந்தக் களைப்பை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. நித்திரையும் வராது, எழும்பவும் மனம் வராது. நெஞ்சில் ஒரு சிறு குத்து வந்தாலும், அந்தப் பஞ்சு இடப்பக்கத்துக்கும் பரவுகிறதோ என்று காதால் கேட்க முயல்வது போல் கிடப்பேன். மூச்சை எண்ணத் தொடங்குவேன். எண்ணினால் மூச்சு இன்னும் முட்டும்.

ஒருநாள் மாற்று உடுப்பு எடுக்கப் பையைக் கவிழ்த்தபோது ஸஹ்றாவின் சித்திரக் கொப்பி விழுந்தது. கணவர் அவசரத்தில் அலுமாரித் தட்டில் இருந்ததையெல்லாம் அள்ளி அடைத்திருக்கிறார். கூடவே பாதி உடைந்த பஸ்டல் வர்ணக்குச்சிப் பெட்டி ஒன்று. முதலில் கோபம்தான் வந்தது. பிள்ளை இது இல்லாமல் பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறாளோ என்று நினைத்தேன். கொப்பியின் முன்பக்கங்களில் அவள் கீறிய வீடு, தென்னை, படகு. பின்பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கட்டிலருகே சிறிய இரும்பு அலுமாரி ஒன்று உண்டு. அதன்மேல் என் தண்ணீர்க் கோப்பை இருந்தது. விளிம்பில் எனாமல் உதிர்ந்த நீலக் கோப்பை. நீலப் பஸ்டல் பெட்டிக்குள் முழுதாக இருந்ததால்தான் அதை எடுத்தேன் என்று நினைக்கிறேன். கோப்பையைக் கீறினேன்.

அது கோப்பை மாதிரி வரவில்லை. வாய் வட்டமாக இல்லாமல் நெளிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கீறினேன். வட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது படுக்கையிலிருந்து பார்க்கும்போது வட்டமே இல்லை, அகன்ற முட்டை வடிவம் என்று விளங்கச் சற்று நேரமெடுத்தது. மத்தியானச் சோற்று வண்டி கதவடியில் வந்து நின்ற சத்தத்தில்தான் தலைநிமிர்ந்தேன். காலையிலிருந்து ஒரு தரமும் மூச்சை எண்ணவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சின்ன வயதில் நான் நிறையக் கீறுவேன். ஒருநாள் கூண்டிலிருந்த கிளியைக் கீறி வாப்பாவிடம் காட்டினேன். அவர் ஏசவில்லை. "நல்லா இருக்கு மகள். ஆனா உயிருள்ளதைக் கீறுறது எங்கட வீட்டில வேண்டாம், என்ன?" என்று சொல்லித் தலையைத் தடவினார். மற்றதெல்லாம் கீறலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் எனக்குக் கிளிதான் வேண்டும் என்ற பிடிவாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பிறகு கலியாணம், இடம்பெயர்வு, பிள்ளை. முப்பத்தாறு வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாப்பா அனுமதித்த மற்றதெல்லாவற்றையும் கீறத் தொடங்கினேன்.

நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். யன்னல் கம்பிகள். மழையில் நனைந்து சுவரில் இறங்கிய கறை. சளிப் போத்தல். பக்கத்தின் ஓரத்தில் அன்றைக்குத் தோன்றியதை ஒரு வரி எழுதுவேன். "இன்று பாண் காய்ந்திருந்தது." "ஸஹ்றாவின் தலையை யார் வாரி இழுக்கிறார்களோ." எதுவும் கீற முடியாத அளவுக்கு ஓய்ந்திருந்த நாட்களில் ஒரே நிறத்தைப் பக்கம் முழுவதும் தேய்த்துவிட்டுப் படுப்பேன். இதனால் நோய் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். மாற்றியது குளிசை. ஆனால் குளிசைக்கும் குளிசைக்கும் இடையில் கிடந்த பகலை எனக்குக் கடத்தித் தந்தது இந்தக் கொப்பிதான்.

பக்கத்துக் கட்டிலில் பரமேஸ்வரி அக்கா இருந்தார். யாழ்ப்பாணப் பக்கம் பிறந்து, குடியேற்றத் திட்டத்தில் அக்கராயனில் வயல் கிடைத்து, அங்கேயே விவசாயம் செய்பவர். புருஷன் இறந்துவிட்டார், தம்பியோடு சேர்ந்து விதைக்கிறார். எனக்குச் சில வாரங்கள் முன்னரே வந்தவர் என்றாலும் சளி சுத்தமாகவில்லை. விதைப்புக் காலம் வேறு. மழை பெய்யும்போதெல்லாம் யன்னலைப் பார்த்து, "குளத்துக்குத் தண்ணி வருது, நான் இஞ்ச கிடக்கிறன்" என்பார்.

நான் கீறுவதை எட்டிப் பார்த்து ஒருநாள் கேட்டார். "தங்கச்சி, என்னையும் ஒருக்கா கீறன்."

"ஆளைக் கீறுறது எங்கட வீட்டு வழக்கமில்லை அக்கா."

"ஓமோ? அப்ப விடு." அவர் முகம் சற்றே சுருங்கியது.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, கட்டிலடியில் கிடந்த அவருடைய செருப்பைக் கீறினேன். வலது செருப்பு மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்து வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது. தலையணையில் விழுந்திருந்த பள்ளம், கட்டில் சட்டத்தில் மடித்துப் போட்ட துவாய், அதன் நுனியில் முடிந்திருந்த திருநீற்றுப் பொட்டலம், எல்லாவற்றையும் கீறினேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்ததில் இருமலே வந்துவிட்டது.

"என்னைக் கீறச் சொன்னா என்ர செருப்பைக் கீறி வச்சிருக்கிறாய்! ஆனா பார், இது நான்தான். ஆர் பாத்தாலும் சொல்லுவினம்."

அதற்குப் பிறகு வாட்டில் எல்லோரையும் அப்படித்தான் கீறினேன். மிஸ்ஸியை அவருடைய மணிக்கூடும் பேனாவுமாக. டொக்டர் அம்மாவை மேசையில் அவர் மறந்துவிட்டுப் போன குடையாக. ஞாயிறுகளில் பஸ் ஏறி வரும் என் கணவரைச் சோற்றுக் கரியராகவும் அதைச் சுற்றிக் கட்டிய கோடு போட்ட சாரத் துண்டாகவும். அவர் கடையைப் பூட்டிவிட்டு, ஓமந்தையில் நின்று, அரை மணித்தியாலம் என்னோடு இருக்க வருவார். அவருக்கும் ஸஹ்றாவுக்கும் சோதித்ததில் ஒன்றுமில்லை என்று முதல் தரமே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆனால் இந்தப் பயணமும் வெளியில் எடுக்கச் சொன்ன இரத்தச் சோதனைகளும் அவரை உரித்தன. அவர் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். கரியரைத் திறந்து, "மதினி அவிச்ச புட்டு. மீன் நான் பொரிச்சது, அதுதான் கருகியிருக்கு" என்பார். நான் இல்லாத வீட்டில் ஸஹ்றாவைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அந்த மதினிதான்.

நோன்பு வந்தது. எனக்கு நோன்பில்லை. நோயாளிக்கு விலக்கு உண்டென்று தெரிந்தும், ஊரெல்லாம் பசித்திருக்க நான் காலையில் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாண் தின்றேன். கணவர் வவுனியாவில் ஒரு பள்ளிவாசலில் நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சியைப் போத்தலில் கொண்டுவருவார். அதைப் பரமேஸ்வரி அக்காவுக்கும் ஊற்றிக் கொடுப்பேன். "உங்கட கஞ்சிக்குள்ள என்ன போடுறியள், வாயை விட்டு எடுக்க ஏலாமல் கிடக்கு" என்பார்.

அந்தக் கஞ்சியே ஒருநாள் எனக்குக் குமட்டியது. பிறகு எதுவுமே இறங்கவில்லை. பஸ்டலின் மணத்துக்குக்கூட வயிறு பிரட்டியது. கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தேன். பரமேஸ்வரி அக்காதான் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "தங்கச்சி, கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. மிஸ்ஸியைக் கூப்பிடு."

சயரோகக் குளிசைகள் சிலருக்கு ஈரலைத் தாக்கும் என்று டொக்டர் அம்மா சொன்னார். ஈரல் களைத்தால் பித்தம் இரத்தத்தில் கலந்து கண்ணும் தோலும் மஞ்சளாகும். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாக் குளிசைகளையும் நிறுத்தினார்.

"நிப்பாட்டினா நெஞ்சில இருக்கிறது?" என்றேன்.

"ஈரல் தேறினவுடன ஒண்டொண்டாத் திரும்பத் துவங்குவம். இப்ப அதையும் குடுத்தா நீங்க தாங்கமாட்டியள். பொறுத்திருங்கோ."

பொறுத்திருப்பது. மற்றவர்களுக்குக் காலையில் குளிசை வரும், என் கட்டிலை மிஸ்ஸி கடந்து போவார். உள்ளே கிருமி தன்பாட்டில் தின்றுகொண்டிருக்க நான் வெறும் கையோடு கிடந்தேன். அந்த நாட்களைத்தான் இப்போதும் நினைக்கப் பிடிக்காது. உடம்பு முழுவதும் கடித்தது, சொறிந்தேன். எனக்கு ஏதும் நடந்தால் ஸஹ்றா யாரோடு வளருவாள் என்று யோசித்து, மதினியோடுதான் என்று முடிவுகட்டி, மதினியின் குணங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டேன்.

அப்படிக் கிடந்த ஒரு காலையில், அக்கா முகம் கழுவப் போயிருந்தபோது, தலையணை உறை மாற்ற வந்த பெண் அவர் தலையணையை உதறினார். கடதாசிச் சுருள் ஒன்று என் கட்டில் பக்கம் உருண்டது. விரித்தேன். குளிசைகள். சிலது அரைவாசி கரைந்து, காய்ந்து ஒட்டிப்போயிருந்தன. நாக்குக்கடியில் வைத்துவிட்டுப் பிறகு துப்பியிருக்கிறார்.

அவர் வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன்.

"இது என்ன அக்கா?"

அவர் அதை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

"எனக்குத் தாங்கோ எண்டு கேட்டும் தரமாட்டம் எண்டுகினம். உங்களுக்குத் தந்தும் துப்புறியள். ஏன்? ஏன் அக்கா? மிஸ்ஸியிட்ட நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொல்லு. போய்ச் சொல்லு." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றும் அடுத்த நாளும் அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் மிஸ்ஸியிடம் போகவில்லை. போக வேண்டும் என்று எழும்புவேன், அந்த முதுகைப் பார்ப்பேன், இருந்துவிடுவேன். மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் எறித்த மத்தியானம், அவர் சுவரைப் பார்த்தபடியே கதைக்கத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு பெட்டை இருந்தவள். சுதா. ஏழு வயது. சண்டை வந்து கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடேக்க நாங்களும் ஓடினாங்கள். காட்டுக்கரையில கொட்டில் போட்டு இருந்தம். மலேரியாக் காய்ச்சல் வந்தது. குளிசை இல்லை. ஆஸ்பத்திரி எண்டு மரத்தடியில நடத்திச்சினம், அங்கயும் முடிஞ்சு போச்சு. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு சொல்லிச்சினம். ரெண்டு குளிசை போதும் அவளுக்கு. ரெண்டே ரெண்டு." அவர் சுவரை நகத்தால் சுரண்டினார். "இப்ப எனக்கு ஒவ்வொரு காலமையும் உள்ளங்கை நிறையத் தருகினம். வாயில வச்சா இறங்குதில்லை தங்கச்சி. நான் வேணுமெண்டு துப்பேல்லை. இறங்குதில்லை."

அவர் கட்டில் விளிம்பில் போய் இருந்தேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியாததால், எழும்பிப் போய் அலுமாரிக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து வந்தேன்.

"சுதாவின்ர சாமான் என்னென்ன இருந்தது, சொல்லுங்கோ."

"என்னத்துக்கு?"

"சொல்லுங்கோவன்."

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "சிவப்பு நாடா ஒண்டு. ரெண்டு பின்னல் பின்னி அதாலதான் கட்டுவன்" என்றார்.

கீறினேன். பஸ்டலின் மணத்துக்கு வாயை இறுக்கிக்கொண்டேன். அக்கா எழும்பி உட்கார்ந்தார்.

"உந்தச் சிவப்பில்லை. தோய்ச்சுத் தோய்ச்சு வெளிறினது."

வெள்ளையைச் சிவப்பின்மேல் தேய்த்தேன். மண்ணிறத்தைத் துளி தொட்டேன்.

"இன்னும் கொஞ்சம். ஓம். நில். அதுதான்." அவர் விரலால் அந்த நாடாவைத் தொட்டார். விரலில் நிறம் ஒட்டியது. "ஒரு நுனி கிழிஞ்சிருக்கும். நெருப்பில சுட்டு விட்டனான், நூல் பிரியாமல். அந்த இடம் கறுப்பு."

அந்த நுனியைக் கறுப்பாக்கினேன். அடுத்து ஒரு பிளாஸ்ரிக் செருப்பு, அதில் இருந்த பூ. பிறகு அவள் சோறு தின்னும் சின்ன அலுமினியக் கோப்பை, அதில் பல்லால் கடித்த நெளிவு. அன்றைக்கு முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களும் கீறினோம். நான் கீறுவேன், அவர் நிறம் திருத்துவார். சில இடங்களில் பஸ்டலை என் கையிலிருந்து பறித்து அவரே தேய்த்தார். பெயருக்குக்கூட ஒரு முகம் இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒரு பிள்ளை எங்கோ பக்கத்தில் விளையாடப் போயிருக்கிறாள், சாமான்களை விட்டுவிட்டு, என்று தோன்றும். அக்கா அழுதுகொண்டே திருத்தினார். அழுகை நின்ற பிறகும் திருத்தினார்.

ஒருநாள் காலை மிஸ்ஸி குளிசையோடு வந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா தங்கச்சி. பார்." நாக்கை நீட்டி ஒவ்வொன்றாக வைத்து விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒவ்வொன்றுக்கும் பிறகு வாயைத் திறந்து காட்டினார். மிஸ்ஸி ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அக்காவே பிறகு மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் அம்மா வந்து நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். சளியைத் திரும்பச் சோதிக்க வேண்டும், நாட்கள் கூடும், முதலிலிருந்து தொடங்குவது போலத்தான். "தொடங்குங்கோ" என்றார் அக்கா. விதைப்பைப் பற்றி அன்று ஒரு சொல் சொல்லவில்லை.

பெருநாளன்று என் கண்ணின் மஞ்சள் வடியத் தொடங்கியிருந்தது. கணவர் புதுச்சட்டையோடு வந்தார். ஸஹ்றாவை ஆஸ்பத்திரி வளவுக்கு வெளியே, வீதியின் மறுகரையில் மதினியோடு நிற்கவைத்திருந்தார். நான் யன்னலுக்கு வந்தேன். பச்சைச் சட்டை போட்ட சின்ன உருவம் இரண்டு கையையும் ஆட்டியது. நான் கம்பிகளுக்கூடாகக் கையை ஆட்டினேன். அவள் ஏதோ கத்தினாள், வாகனச் சத்தத்தில் கேட்கவில்லை. மதினி தன் முந்தானையால் கண்ணைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. அவருடைய குணங்களை நான் எடைபோட்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

குளிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்றைத் தொடங்கி, இரத்தம் பார்த்து, ஈரல் தாங்குகிறது என்று கண்டபின் அடுத்தது. சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்து வீட்டுக்கு விட்டபோது அக்கா இன்னும் கட்டிலில்தான் இருந்தார். சுதாவின் பக்கங்களைக் கவனமாகக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அவற்றை வாங்கி, சேலைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வா" என்றார்.

வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. முற்றத்திலிருந்து குசினிக்குப் போகவே மூச்சு வாங்கியது. வந்து பார்ப்பவர்கள் வாசலோடு நின்று சுகம் விசாரித்தார்கள். வேலை மலையாகக் கிடந்தது, மதினி எனக்குச் செய்யக் கொடுக்கவில்லை, செய்யவும் என்னால் முடியவில்லை. கொப்பி முடிந்துவிட்டது. கடைக்கணக்கு எழுதி மிஞ்சிய தாள்களில் கீறிப் பார்த்தேன். பின்னேரம் அரை மணித்தியாலம் அதற்கென்று கதவைச் சாத்திக்கொண்டபோது அயலில் ஒருவர், "வருத்தக்காரிக்குப் பிள்ளை விளையாட்டோ" என்றார். மதினி விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "அவ மருந்து குடிக்கிறா. அதுக்குப் பிறகு வாங்கோ." நான் உள்ளே சிரித்துக்கொண்டு கீறினேன். சிலநாள் கீறவே இல்லை, தாளைப் பார்த்தபடி இருந்துவிட்டு எழும்பினேன். ஒருவரும் கூப்பிடாத அந்தச் சிறிது நேரமே அப்போது எனக்குப் போதுமாக இருந்தது.

கடைசிக் கிளினிக்குக்கு வவுனியா போனபோது வாங்கில் பரமேஸ்வரி அக்கா இருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கடைசிச் சளியும் சுத்தம், இன்னும் சில மாதக் குளிசை பாக்கி என்றார். வயலைத் தம்பி விதைத்து, வெட்டியும் முடிந்துவிட்டதாம். எனக்கென்று ஒரு பை புத்தரிசி கொண்டுவந்திருந்தார். என்னை எந்தக் கிளினிக் நாளில் காண்பார் என்று தெரியாததால் ஒவ்வொரு தரமும் சுமந்து வந்திருக்கிறார்.

டொக்டர் அம்மா புது எக்ஸ்ரேயைப் பிடித்துப் பார்த்தார். பஞ்சு இருந்த இடத்தில் ஒரு சிறிய தழும்பு மட்டும். அது அப்படியே இருக்கும், பயமில்லை என்றார். "குளிசை முடிஞ்சுது. இனி இங்க வரத் தேவையில்லை."

வெளியே வந்தோம். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் உடம்பு அலுத்துக் கிடந்தது. கணவர் அரிசிப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"பஸ்சுக்கு நேரமிருக்கு. எங்கயும் போகவேணுமோ? தேத்தண்ணி குடிப்பமா?"

"ஒரு புத்தகக்கடைக்குப் போகவேணும்" என்றேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. பள்ளிக்கூடக் கொப்பிகள், பந்துகள், பலூன்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீர்வர்ணப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நான் ஒன்றைக் காட்டினேன். கூடவே தடித்த தாள் கொப்பி ஒன்றும் கேட்டேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்து, நூல் போன்ற மெல்லிய தூரிகை ஒன்றை அதன்மேல் வைத்தார்.

"பிள்ளை எத்தினையாம் ஆண்டு படிக்குது?"

கணவர் வாய் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"பிள்ளைக்கில்லை. எனக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த மெல்லிய தூரிகையை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, மேல்தட்டில் கைவிட்டுத் தேடி, பெரியது ஒன்றை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினார்.

"அப்ப இது கைக்கு வசதியா இருக்கும். பிடிச்சுப் பாருங்கோ."